விக்கலுக்கு ஒரு பட்டன்

“இருநூத்திப் பன்னிரண்டு தடவை! என்னால மெஷின் நின்னு போச்சாம். அதுவும் ஒரே மாசத்துல!”

கையிலிருந்த தாளைச் சாப்பாட்டு மேசைமேல் வீசினார் மாமா. டம்ளர் ஒன்று சாய்ந்து, தாளின் ஓரம் நனைந்தது. அக்கா அதைப் பிடுங்கித் துணியால் ஒற்றினாள்.

பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் மாமா ஸ்டோர் பொறுப்பாளர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் பிளாஸ்டிக் குருணை மூட்டைகள் மெஷின்களுக்குப் போகும். பதினான்கு வருஷமாக அதே நாற்காலி. அவருடைய மைத்துனி, அதாவது அக்காவின் தங்கை, அதே தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறாள்; அவர்கள் வீட்டிலேயே முன்னறையில் தங்கியிருக்கிறாள். மெஷின் ஹாலில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இல்லை. எந்த மெஷினோ அந்த நம்பர். அவள் ஓட்டுவது நாலாம் நம்பர். ஆகவே அவள் ‘நாலு’. அக்காவின் இரட்டைப் பெண்கள்கூட அவளை ‘நாலு சித்தி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“யாரு சொன்னா உங்களாலன்னு?” என்றாள் அக்கா.

“கம்ப்யூட்டர் சொல்லுது. எல்லா மெஷின்லயும் புதுசா ஒரு டேப்லெட் மாட்டினாங்களே, அது கணக்கெடுக்குதாம். ‘பொருள் வரவில்லை’னு இருநூத்திப் பன்னிரண்டு. பொருள் வரலைன்னா யாரு? நான்தானே! ஒண்ணாம் தேதியிலிருந்து வெளி குடோனுக்குப் போகணுமாம்.”

வெளி குடோன் என்றால் போக ரெண்டரை மணி நேரம், வர ரெண்டரை மணி நேரம். அக்கா ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். காலை ஆறுக்கே கிளம்பிவிடுவாள். நாலுவுக்கு ஏழு மணி ஷிஃப்ட். இரட்டையரை எழுப்பிக் குளிப்பாட்டி, ஆளுக்கு ரெண்டாக நாலு ஜடை பின்னிப் பள்ளிக்கூடத்தில் விடுவது மாமாதான். கதவு நிலையில் குனிந்து நுழைகிற அந்த உடம்புக்கு இவ்வளவு நறுக்கென்று ஜடை பின்ன வரும் என்று சொன்னால் தொழிற்சாலையில் யாரும் நம்ப மாட்டார்கள்.

“அப்போ பிள்ளைங்களை யாரு கிளப்புறது?” என்றாள் அக்கா. “நான் வேலையை விடணும். அப்படித்தானே?”

நாலு அந்த ஈரத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். கீழே மெஷின் வாரியாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஒன்றாம் நம்பர், இருபது. இரண்டாம் நம்பர், பதினாறு. நாலாம் நம்பர், அறுபத்தொன்று.

எட்டு மெஷின்களில் அதுதான் அதிகம்.

ஆனால் அந்த அறுபத்தொரு தடவையில் ஒரு தடவைகூட ஸ்டோரிலிருந்து குருணை வராமல் மெஷின் நின்றதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

நடந்தது இதுதான். மூடி வார்க்கும் மெஷினில் அச்சு திறந்ததும், காற்று ‘புஸ்’ஸென்று அடித்து மூடிகளைக் கீழே தள்ளிவிட வேண்டும். சில நேரம் காற்று சோம்பிவிடும். ஒரு மூடி அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். மெஷின் ‘ஹக்’ என்று ஒரு சத்தம் போட்டு நிற்கும். ஆபரேட்டர்கள் அதற்கு வைத்த பெயர் விக்கல். கதவைத் திறந்து, பித்தளைக் கம்பியால் மூடியைத் தட்டிவிட்டு, கதவைச் சாத்தி ஓட்டினால் ஆயிற்று. மூன்று நிமிஷ வேலை. ‘யாரோ நெனைக்கிறாங்கடி உன் மெஷினை’ என்று ஒரு சிரிப்பு. அத்தோடு சரி.

டேப்லெட் வந்த பிறகு சிரிப்புக்கு இடமில்லாமல் போயிற்று. ரெண்டு நிமிஷத்துக்கு மேல் மெஷின் நின்றால் திரை சிவப்பாகும். ஹால் சுவரிலிருக்கும் பெரிய திரையிலும் அந்த நம்பர் சிவப்பாகும். ‘ஏன் நின்றது?’ என்று கேட்டு ஐந்து பட்டன்கள் வரும். ‘பழுது’ அழுத்தினால் ஃபிட்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவரை மெஷின் ஓடாது. ‘ஆள் இல்லை’ அழுத்தினால் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வது. ‘அச்சு மாற்றம்’ அழுத்தினால் எந்த அச்சு என்று கேட்கும். ‘மற்றவை’ அழுத்தினால், விவரத்தை டைப் அடி என்று கீபோர்டை நீட்டும். எண்ணெய்க் கையோடு யார் டைப் அடிப்பது?

மிச்சம் இருந்தது ‘பொருள் வரவில்லை’. கேள்வி கிடையாது, கையெழுத்து கிடையாது. அழுத்தினால் பச்சை.

“பொருளுக்கு வாயா இருக்கு, சண்டைக்கு வர?” என்று ஏழாம் நம்பர்தான் முதலில் அந்த வழியைக் கண்டுபிடித்தான். ஒரே வாரத்தில் எட்டுப் பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பொருளுக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் யோசிக்கவில்லை. அவர் கையால் சோறு வாங்கிச் சாப்பிடுகிறவளும் யோசிக்கவில்லை.

“என்ன நாலு, தாளையே முறைக்கிற?” என்றார் மாமா.

“ஒண்ணுமில்ல மாமா.”

அந்தப் பொய்யோடு எழுந்து கை கழுவினாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை டீ இடைவேளையில், கூட இருந்த மூன்று பேரிடமும் விஷயத்தைச் சொன்னாள். உண்மையை மேனேஜரிடம் சொல்லப்போவதாகவும் சொன்னாள். ஏழாம் நம்பர் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

“தாயே, கொஞ்சம் பொறு. ‘நாங்க ஒரு மாசமா பொய் பட்டன் அழுத்தினோம்’னு சொல்லப்போறியா? எட்டுப் பேருக்கும் மெமோ வரும். உன் மாமாவுக்கு பஸ் பயணம்தான், எங்களுக்கு வீட்டுப் பயணம்.”

“அந்தாள் நமக்கு என்ன கெடுதல் பண்ணினாரு?” என்றாள் நாலு.

“நாம மட்டும் என்ன கெடுதல் பண்ணினோம்? விக்கலுக்கு அவங்க பட்டன் வைக்கல. வெச்சிருந்தா அழுத்தியிருப்போம்.”

ஏழு அதைக் கோபத்தில்தான் சொன்னான். ஆனால் நாலுவுக்கு அது பளிச்சென்று பட்டது. டீயைப் பாதியில் விட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள்.

மாடியில் ஒரு மூலையில், ரெண்டு திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள் சாஃப்ட்வேர்காரப் பெண். டேப்லெட்டுகளை மாட்டியது அவள் கம்பெனி. மூன்று மாதச் சோதனைக்கு அவளை இங்கே அனுப்பியிருந்தார்கள். ஹாலுக்கு அவள் வந்தது மாட்டிய அன்று ஒரு தடவை, அதோடு சரி.

“மேடம், இந்த அஞ்சு காரணத்தையும் யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“ஆபீஸ்ல லிஸ்ட் குடுத்தாங்க. ஏன்?”

“மெஷின் நிக்கிறது ஹால்ல. லிஸ்ட் வந்தது ஆபீஸ்லேர்ந்து. நல்லா இருக்கு.”

நாலு எல்லாவற்றையும் கொட்டினாள். கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது.

“அப்போ என் ரிப்போர்ட் முழுக்கத் தப்பா?” என்றாள். “அதைப் பாத்துத்தான் ஒருத்தரை மாத்துறாங்களா?”

“அந்த ஒருத்தர் என் அக்கா வீட்டுக்காரர்.”

சாஃப்ட்வேர்காரப் பெண் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “வாங்க, ரெண்டு பேருமா போலாம். நீங்க சொல்றதை நீங்க சொல்லுங்க. என் தப்பை நான் சொல்றேன்.”

“ஒரு நிமிஷம் மேடம். முதல்ல வேற ஒருத்தர்கிட்டச் சொல்லணும்.”

ஸ்டோரில் மாமா மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நாலு நின்றபடியே சொல்லி முடித்தாள். அவர் எண்ணிக்கையை நிறுத்தவில்லை. முப்பத்தாறு, முப்பத்தேழு என்று கடைசி மூட்டைவரை எண்ணி, நோட்டில் எழுதி, பேனாவை மூடினார்.

“அறுபத்தொரு தடவை என் தலையில குட்டியிருக்க.”

“தெரியாம மாமா.”

“நேத்து ராத்திரி தெரிஞ்சுதே? அப்புறம் ஏன் ‘ஒண்ணுமில்ல மாமா’ன்ன?”

நாலுவுக்கு அழுகை வரும்போல இருந்தது.

“இங்க அழாத, குருணை நனையும்” என்றார் மாமா. கோபம் போகவில்லை, ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “மேனேஜர்கிட்டப் போறதுன்னா போ. கூட இருக்கிறவங்களை மாட்டிவிட்டுட்டு என்னைக் காப்பாத்தாத. அந்த உபகாரம் எனக்கு வேணாம்.”

புரொடக்‌ஷன் மேனேஜர் கெட்டவர் இல்லை. எண்களைத் தவிர வேறு எதையும் நம்பாதவர், அவ்வளவுதான். ரெண்டு பேரும் சொன்னதைக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா.”

“சொல்லல சார். நாங்கதான் சொன்னோம். அது நாங்க சொன்னதை அப்படியே ஒப்பிச்சிருக்கு.”

“ஏன் பொய் சொன்னீங்க?”

“உண்மைக்குப் பட்டன் இல்ல சார்.”

மேனேஜர் சாஃப்ட்வேர்காரப் பெண்ணைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். “அரை மணி நேரத்துல ஒரு பட்டன் சேத்துடலாம் சார். யாரையும் கேக்காம நான்தான் விட்டுட்டேன்.”

“சரி” என்றார் அவர். “சனிக்கிழமை காலையில ரிவ்யூ. வெள்ளிக்கிழமை வரைக்கும் உண்மையை அழுத்துங்க. அப்பவும் ஸ்டோர்தான் முதல்ல நின்னா, ஆர்டர் போட்டது போட்டதுதான்.”

நாலு நகரவில்லை.

“இன்னும் என்ன?”

“இந்த நாலு நாள் எந்தப் பட்டனுக்கும் யாருக்கும் மெமோ கிடையாதுன்னு நீங்க ஹாலுக்கு வந்து சொல்லணும் சார். நடந்த பொய்க்கும் சேத்துத்தான். இல்லன்னா பயத்துல மறுபடியும் பொருளையே அழுத்துவாங்க. நானே அழுத்துவேன்.”

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். பிறகு நிஜமாகவே ஹாலுக்கு வந்து சொன்னார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரெண்டே வாக்கியத்தில். அவர் போன பிறகு ஏழாம் நம்பர் நாலுவின் காதருகே வந்தான்.

“எங்களையும் சேத்துல்ல பேசியிருக்க! நான் உன்னைக் காலையில திட்டினதை வாபஸ் வாங்கிக்கிறேன். பாதியை மட்டும்.”

பிற்பகலில் எட்டு டேப்லெட்டுகளிலும் புதிய பட்டன் வந்தது. அலுவலகத் தமிழில் ஏதாவது எழுதாமல், அவர்கள் பேசுகிறபடியே ‘விக்கல்’ என்று போட்டிருந்தாள் அந்தப் பெண். முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு எட்டாம் நம்பர் சிரித்த சிரிப்பில் ஒரு பெட்டி மூடி கவிழ்ந்தது.

புதன்கிழமை மாலை, சாஃப்ட்வேர்காரப் பெண் தன் கணினியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கே வந்துவிட்டாள். ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். நாலுவும் ஏழுவும் ஃபிட்டரும் சுற்றி நின்றார்கள்.

“இங்க பாருங்க. விக்கல் நாள் பூரா வரல. காலையில பத்தேகாலுக்கு மேல ஒரு கூட்டம். சாயந்திரம் மூணரைக்கு மேல ஒரு கூட்டம். நடுவுல ஒண்ணோ ரெண்டோதான். அது மட்டுமில்ல, ஒரே நிமிஷத்துல மூணு மெஷின் சேந்து விக்குது.”

“ஒண்ணைப் பாத்து ஒண்ணு கொட்டாவி விடுற மாதிரியா?” என்றான் ஏழு.

அதிகம் பேசாத ஃபிட்டர் தலையைச் சொறிந்தார். “மூணும் சேந்துன்னா கோளாறு மெஷின்ல இல்ல. எல்லாத்துக்கும் ஒரே காத்துக் குழாய். எவனோ நடுவுல காத்தைக் குடிக்கிறான்.”

தினமும் அதே நேரத்தில் நடந்ததுதான். ஆனால் அவரவர் மெஷின் அவரவருக்கு. தன் விக்கல் வந்த அதே நிமிஷம் பக்கத்து மெஷினும் விக்கியது என்பதை அவரவர் கதவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த எட்டுப் பேரில் ஒருவரும் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலை பத்தேகால். “உன் மெஷினை நான் பாத்துக்கிறேன், நீ போ” என்றான் ஏழு. நாலு தலையை அண்ணாந்து, கூரையடியில் ஓடும் நீலக் குழாயைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். குழாய் ஹாலைக் கடந்தது. கழிப்பறைச் சுவரைச் சுற்றியது. பேக்கிங் பகுதிக்குள் நுழைந்தது. அங்கே ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரே இரைச்சல்.

ஆறு பெண்கள், ஆளுக்கொரு காற்றுத் துப்பாக்கியோடு, அட்டைப் பெட்டிகளின் தூசியை ஊதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தூசி ஊதி முடித்து, வியர்த்த கழுத்துக்குப் பின்னால் துப்பாக்கியைப் பிடித்துக் கண்ணை மூடி நின்றாள். அடுத்த கணம் ஹால் பக்கமிருந்து ‘ஹக்’. ‘ஹக்’. ‘ஹக்.’

“நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!” என்று நாலு கத்தினாள்.

பேக்கிங் பொறுப்பாளர் அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். “எதுக்குடி நிறுத்தணும்? பத்தரைக்கு லாரி வருது, நாலு மணிக்கு ஒண்ணு வருது. தூசியோட ஏத்தினா திருப்பி அனுப்புறான். யாரு ஊதுவா, உன் மாமாவா?”

“அக்கா, நீங்க இங்க ஊதினா அங்க எங்களுக்கு மூச்சு நிக்குது!”

“இத்தனை வருஷமா ஊதுறோம், யாரும் சொல்லலையே!”

“எங்களுக்கே தெரியாதுக்கா. நேத்துத்தான் தெரிஞ்சது.”

அம்மாள் நம்பவில்லை. நாலு அவளைக் கையைப் பிடித்து ஹாலுக்கு இழுத்துப் போனாள். ஃபிட்டர் ஹாலிலிருந்து ஒரு விசில் அடித்தார், பேக்கிங்கில் ஊதினார்கள், மூன்று மெஷின் விக்கி நின்றது. சுவர்த் திரையில் மூன்று சிவப்பு. அம்மாளின் கை இடுப்பிலிருந்து இறங்கி வாய்க்குப் போனது.

“அடப் பாவமே. நாங்களா?”

அன்று சாயந்திரமும் வெள்ளிக்கிழமை முழுவதும் பேக்கிங்கில் பிரஷ்ஷால் துடைத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டேதான். வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு ஹாலில் எட்டுப் பேரும் மெஷினைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்றேமுக்கால். நாலு மணி. மூடிகள் மழைபோலக் கொட்டிக்கொண்டே இருந்தன. நாலேகாலுக்கு ஏழாம் நம்பர் பித்தளைக் கம்பியைத் தூக்கிக் காட்டி, “எனக்கு வேலை போச்சு!” என்று கூவினான்.

சனிக்கிழமை ரிவ்யூவுக்கு மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். நாலு சுவரோரமாக நின்றாள். சாஃப்ட்வேர்காரப் பெண் எண்களைப் படித்தாள். மெஷின்கள் ஓடிய நேரம், போன மாதம் நூற்றுக்கு எழுபத்தொன்பது. வெள்ளிக்கிழமை மட்டும் எண்பத்தொன்று. நாலு நாளில் விக்கல் இருபத்தொன்பது. வெள்ளிக்கிழமை அதில் ஒன்றே ஒன்று. பொருள் வரவில்லை, ஆறு.

மேனேஜர் தாளைத் திருப்பிப் பார்த்தார். “பேக்கிங்குக்குத் தனியா ஒரு சின்னக் காத்துக் கம்ப்ரஸர் போடணும். பழசு ஒண்ணு ஷெட்ல கிடக்குன்னு ஃபிட்டர் சொல்றாரு. திங்கட்கிழமை மாட்டிடுங்க.” பிறகு மாமாவைப் பார்த்தார். “உங்க மாற்றல் ஆர்டரை நிறுத்திட்டேன். அவசரப்பட்டுட்டேன்.”

மாமா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். நாலுவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

“ஆனா இந்த ஆறு?” என்றார் மேனேஜர்.

சாஃப்ட்வேர்காரப் பெண் தயங்கியபடி, “ஆறும் மத்தியானம் ஒண்ணுக்கும் ஒண்ணரைக்கும் நடுவுல” என்றாள்.

நாலு மாமாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அந்த ஆறில் ஒன்று அவள் அழுத்தியது. இந்தத் தடவை நிஜமாகவே குருணை வராமல்தான் அழுத்தினாள். அழுத்தும்முன் விரல் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. ஆனாலும் அழுத்திவிட்டாள்.

மாமா தொண்டையைச் செருமினார்.

“அந்த ஆறு என்னோடதுதான் சார். சாப்பிடப் போறப்ப ஸ்டோரைப் பூட்டிட்டுப் போவேன். யாரையும் நம்பி விட மாட்டேன். அரை மணி நேரம் மெஷின் பசியில நிக்கும்னு தோணல. இதையே போன மாசம் கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன்.”

“இப்ப மட்டும் ஏன் ஒத்துக்கறீங்க?”

“இருநூத்திப் பன்னிரண்டு என்னுதில்ல சார், அதை எப்படி ஏத்துக்க முடியும்? ஆறு என்னுது.”

மேனேஜர் முதல் தடவையாகச் சிரித்தார்.

வெளியே வந்ததும் நாலு மாமாவின் பக்கத்தில் நடந்தாள். “அதுல ஒண்ணு நான் அழுத்தினது மாமா.”

“தெரியும். புதன்கிழமை, ஒண்ணு இருபது. நான் வரும்போது உன் மெஷின் காலியா நின்னுச்சே.” சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். “வேற பட்டனை அழுத்தியிருந்தா உன்னை வீட்டுல சேத்திருக்க மாட்டேன்.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் திரும்பி, படியிறங்கி வந்துகொண்டிருந்த சாஃப்ட்வேர்காரப் பெண்ணைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

“ஏம்மா, ஸ்டோருக்கு இந்த மாதிரி ஒண்ணு மாட்ட முடியுமா? மெஷின் ஏன் நிக்குதுன்னு அவங்க சொல்றாங்க. மூட்டை ஏன் லேட்டாகுதுன்னு நானும் சொல்ல வேண்டாமா? அரை மணி நேரம் யார் பாத்துக்கிறதுன்னும் யோசிக்கணும்.”

“மாட்டலாம் சார்” என்றாள் அவள். சட்டென்று நின்று, பையைத் திறந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்தாள். “ஆனா லிஸ்ட் ஆபீஸ்ல வாங்க மாட்டேன். நீங்களே சொல்லுங்க, என்னென்ன பட்டன் வேணும்?”

மாமா ஸ்டோர் கதவைத் திறந்து, தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

“உக்காரும்மா. பதினாலு வருஷத்துக் கதை. நாலு, நீ போய் மூணு டீ சொல்லு.”